நாறாத சட்டை

தில்லைநாதனின் செருப்பு எதன் மேலோ வழுக்கியது. குனிந்து பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அது என்னவென்று மூக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

“பரவால்ல சார், காய்ஞ்சதுதான்,” என்றாள் பின்னால் வந்த ஜெயராணி. “ஈரமெல்லாம் முன்னாடி இருக்கு. அவசரப்படாம வாங்க.”

“வாயை மூடு ராணி.”

“மூக்கையே மூடிக்கிட்டுத்தான் பேசறேன். வாயையும் மூடினா எதுல சார் மூச்சு விடறது?”

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார் தில்லைநாதன். ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. மணிக்கொரு தரம் கை கழுவுகிறவர். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அருவருத்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் அடுத்தவர் மேல் விழுந்து திட்டு வாங்குகிறவர். ஜெயராணி அவருடைய ஒரே உதவியாளர். பழைய மாருதியை ஓட்டுவதும் அவள்தான், அவரை ஓட்டுவதும் அவள்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது, முந்தின நாள் மாடிப்படி ஏறி வந்த ஒரு பெண் கேட்ட கேள்வி.

“பொணமே கெடைக்காம என் தாலிய எப்படி சார் எடுப்பாங்க?”

அவள் பெயர் அனுப்பிரியா. புருஷன் செந்தமிழ்செல்வன், கடலூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன், நீச்சல் பைத்தியம். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில், பாறைக்கரையில் நீந்தப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் திரும்பவில்லை. மறுநாள் காலையில் அவனுடைய பேன்ட், சட்டை, செருப்பு மட்டும் ஒரு பாறை மேல் இருந்தன. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் தொழிலை விட்டுவிட்டு, கொந்தளிக்கிற கடலில் படகு இறக்கித் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. நாளைக்குச் சிதம்பரத்தில், மாமியார் தைலம்மாள் வீட்டில் கருமாதி.

சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் அந்தப் பாறைகள். கொட்டியவர்கள் போய்விட்டார்கள். கடல் அவற்றைத் தன் இஷ்டத்துக்கு உருட்டி, பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, ஆனை மந்தை கால் மடக்கிப் படுத்த மாதிரி ஆக்கி வைத்திருந்தது. ரோடு கிடையாது. ஒரு பக்கம் கருவேல முள், மறுபக்கம் வெள்ளையாக வெடிக்கிற அலை. தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டர் படம். கிட்டே வந்தால் பாறைக்குப் பின்னால் யார் யாரோ வண்டி வண்டியாகக் கொட்டிய மீன் குடலும் செவுளும் குழியில் கொப்பளித்துக்கொண்டிருந்தன. பாறை இடுக்கில் கண் தோண்டப்பட்ட ஆமை ஒன்று உப்பிக் கிடந்தது. ஈ மொய்க்கும் சத்தம் அலைச் சத்தத்துக்கு மேல் கேட்டது.

“பத்து நிமிஷம் மூக்கைப் புடிச்சுக்கிட்டா போதும் சார். அப்புறம் சொர்க்கம்,” என்றான் வழிகாட்டி வந்த ராஜவேல்.

இவன் செல்வனுடைய பள்ளிக்கூட நாளைய நண்பன். இருவரும் சேர்ந்துதான் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவை ஆரம்பித்தார்கள். புதுச்சேரியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கல்லுக்குக் கல் தாவி நடப்பது, கடைசியில் ஆழமான ஒரு மடுவில் குதித்து நீந்துவது, பிறகு வீட்டுக்குப் போய் மனைவியிடம் திட்டு வாங்குவது. இதுதான் குழுவின் நிகழ்ச்சி நிரல்.

பலகை மாதிரி தட்டையான ஒரு பாறையைக் காட்டினான் ராஜவேல்.

“இதான் சார் எடம். நாங்க எல்லாருமே துணிய இங்கதான் கழட்டி வெப்போம். மத்த பாறையெல்லாம் அலை ஏறும். அன்னைக்கு நான்தான் முன்னாடி வந்தேன். குழு ஆளுங்க பின்னாடி வந்துக்கிட்டு இருந்தாங்க, அதுல ஒருத்தரு கான்ஸ்டபிள். பாத்தா... மச்சானோட சட்டை.” குரல் உடைந்தது. துடைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கண்ணில் நீர் வந்தது.

“சனிக்கிழமை வெச்சது, ஞாயித்துக்கிழமை காலைல வரைக்கும் இங்கயே இருந்துச்சு?”

“ஆமா சார். ராத்திரி பூரா.”

“எந்த இடத்துல சிக்கியிருப்பாரு?”

ராஜவேல் பதில் சொல்வதற்குப் பதில் சட்டையைக் கழற்றினான். தட்டைப் பாறையில் வைத்தான். “சுழல் எங்க இருக்குன்னு காட்டறேன் பாருங்க,” என்று சொல்லிவிட்டு, இரண்டு கல் தாவி, மூன்றாவதிலிருந்து பாய்ந்தான்.

அலை அவனை விழுங்கியது. அடுத்த அலையில் தலை தெரிந்தது. கையும் காலும் அலட்டிக்கொள்ளாமல், தண்ணீருக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது போல நீந்தினான். ஒரு கணம் தில்லைநாதனுக்கே நாற்றம் மறந்தது. சுத்தமான தண்ணீரில், சுத்தமான வெயிலில் ஒரு மனிதன். பொறாமையாகக்கூட இருந்தது.

“சார், நாமளும் குதிக்கலாமா?” என்றாள் ஜெயராணி.

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“எனக்கும்தான். ஆனா மூழ்கிட்டா நாத்தம் தெரியாதுல்ல.”

ராஜவேல் சுழலைச் சுற்றிக் காட்டிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறினான். அவன் கை நீட்ட, சட்டையை எடுத்துக் கொடுத்தார் தில்லைநாதன். கொடுத்ததும் தன் இரண்டு விரலைப் பார்த்தார். மோந்தார். முகம் கோணியது. கொஞ்ச நேரம்தான் அந்தப் பாறையில் கிடந்திருந்தது சட்டை. குடல் குழியின் வாடை நூலுக்கு நூல் ஏறியிருந்தது.

“பழகிப்போச்சு சார் எங்களுக்கு,” என்று சிரித்தபடி அதை மாட்டிக்கொண்டான் ராஜவேல்.

காரில் ஏறிக் கண்ணாடிகளை இறக்கிய பிறகும் வாடை இறங்கவில்லை.

“அந்த ஆமை டிக்கில ஏறிடுச்சான்னு பாக்கட்டுமா சார்?”

தில்லைநாதன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளினார், மறுபடி கொண்டுபோனார்.

அனுப்பிரியா கதவைத் திறந்த மாத்திரத்தில் ஒரு அடி பின்வாங்கினாள்.

“பாறைக்கா போயிட்டு வந்தீங்க?”

“மன்னிக்கணும்மா. அவ்வளவு நாறுதா?”

“எட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச நாத்தம் சார். ஞாயித்துக்கிழமை ஆனா அவரை வீட்டுக்குள்ளயே விடமாட்டேன். பின்னாடி குழாய்ல குளிச்சிட்டுத்தான் வரணும். துணிக்குத் தனி பக்கெட்டு. ரெண்டு தண்ணி அலசினாலும் போவாது.” சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த நாற்றத்துக்காகத்தான் இப்போது அழுகை வந்தது அவளுக்கு.

தில்லைநாதன் மெல்லக் கேட்டார். “போலீஸ் குடுத்த துணி இருக்குதாம்மா?”

பீரோவின் மேலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து வந்தாள். கான்ஸ்டபிள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“பிரிக்கவே இல்ல சார். பிரிச்சா அவரு போயிட்டாருங்கிறது நெஜமாயிடும்னு பயம்.”

“நான் பிரிக்கட்டுமா?”

தலையாட்டினாள். தில்லைநாதன் முகத்தைத் தூரமாகத் திருப்பிக்கொண்டு, வரப்போகிற நாற்றத்துக்கு வயிற்றைத் திடப்படுத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். குனிந்தார். மூக்கைக் கவருக்குள்ளேயே விட்டார். ஜெயராணி தன் வேலை நாட்களில் முதல்முறையாக வாயடைத்து நின்றாள். பேருந்துக் கம்பியைத் தொடாத மனிதர், செத்தவன் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தார்.

“ராணி, மோந்து பாரு.”

“சார், காலைல இட்லி சாப்பிட்டிருக்கேன்.”

“பாரு சொல்றேன்.”

அவள் மோந்தாள். புருவம் ஏறியது. “வாசனையா இருக்கு! ஏதோ வேர் வாசனை மாதிரி.”

வெளிர்நீலச் சட்டை. கையில் கத்தி வைத்தது போல மடிப்பு. பேன்ட்டிலும் அதே மடிப்பு. நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய துணியில் இருக்கிற கசங்கல் ஒன்றுகூட இல்லை.

“அன்னைக்கு வீட்டுலேர்ந்து கிளம்பறப்ப இதைத்தான் போட்டிருந்தாரா?”

“இதேதான். முந்தின நாளும் இதைத்தான் போட்டிருந்தாரு. ஸ்டூடியோல உக்காந்து உக்காந்து கசங்கியிருந்துச்சு. வேற மாத்திக்குங்கன்னேன். கடல்ல கழட்டி வெக்கத்தானேன்னாரு.” அனுப்பிரியா சட்டையைத் தொட்டாள். “நான் இஸ்திரி போடறதே இல்லையே சார். யாரு போட்டது?”

தில்லைநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். “ராஜவேல் சட்டை கொஞ்ச நேரம் அந்தப் பாறைல இருந்ததுக்கே கொமட்டுது. இது ராத்திரி பூரா இருந்துச்சாம். நடக்காதும்மா. யாரோ தொவச்சு, காயவெச்சு, இஸ்திரி போட்டு, ஆளுங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அங்க வெச்சிருக்காங்க. கான்ஸ்டபிள் ஒடனே கவர்ல போட்டு முடிஞ்சிட்டாரு. அதனால தப்பிச்சுது.”

“மொதல்ல பாத்தவன் ராஜவேலு,” என்றாள் ஜெயராணி. அவள் குரலில் கேலி இல்லை.

அனுப்பிரியா சட்டையிலிருந்து கையை எடுத்தாள். “ராஜவேலு அண்ணனா? அவரு... இவரை ஏதாவது பண்ணிட்டாருன்றீங்களா?”

அதைத்தான் நினைத்தார் தில்லைநாதன். ஆனால் ஒரு கேள்வி பல்லில் நார் மாதிரி சிக்கியிருந்தது. கொலை செய்தவன் சட்டையை எதற்குத் துவைப்பான்? ரத்தம் என்றால் துவைப்பான். இஸ்திரி எதற்கு? தனக்குத் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, ராஜவேல் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்.

அப்போது அனுப்பிரியாவின் போன் அடித்தது. மாமியார். ஸ்பீக்கர் தேவையில்லாத குரல்.

“இன்னும் பொறப்படலயா நீ? சாயந்தரம் சொந்தக்காரங்கள்லாம் வந்துடுவாங்க. கை நெறைய வளையல் போட்டுக்கினு வா. நாளைக்கு ஒடைக்கணும்ல.”

ஜெயராணி கார் சாவியை எடுத்தாள். “நாங்களே கொண்டுபோய் விடறோம் அக்கா. சாருக்கும் உங்க மாமியார்கிட்ட ராஜவேலைப் பத்திக் கேக்கணும்.”

சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அனுப்பிரியாவைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அவளை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் தில்லைநாதனுக்கு மூச்சு சீராகியது. அப்படியொரு சுத்தம். சிவப்புத் தரையில் முகம் தெரிந்தது. குடத்தில் விரல் தடம் இல்லை. தைலம்மாள் மெலிந்து நிமிர்ந்த பெண்மணி. கண்ணில் அழுத சிவப்பு இல்லை. பெற்றவள் அழுது ஓய்ந்திருப்பாள் என்று அவர் நினைத்தார்.

“எங்கேர்ந்து வர்றீங்க? ஒரு மாதிரி வாடை வருதே,” என்றாள்.

“கடல்கரைக்குப் போயிட்டு வர்றோம்மா. கை கால் கழுவணும்.”

“கழுவுங்க, கழுவுங்க. சோப்பு அங்க இருக்கு. ரெண்டு தடவ போடுங்க.” அவர் மூன்று தடவை போடுவதைப் பார்த்து முகம் மலர்ந்தாள். “நீங்க நம்ம மாதிரி ஆளு. இந்தக் காலத்துல யாரு இப்படிக் கழுவறா?”

அவருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். தில்லைநாதன் முகத்தைத் துண்டில் புதைத்தார்.

வெட்டிவேர்.

துண்டுக்குள்ளிருந்து அவர் முகம் வெளியே வர நேரமாகியது. வந்தபோது துண்டை விரித்துப் பார்த்தார். நாலாக மடித்த இடத்தில், கத்தி வைத்தது போல மடிப்பு.

“துண்டுக்குக்கூட இஸ்திரியாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“எங்க வீட்டுல கரித்துணிக்குக்கூட இஸ்திரிதான். பெட்டிக்குப் பெட்டி வெட்டிவேர் போட்டுடுவேன். அவ, என் மருமவ, இந்தப் பெட்டியத் தொட்டதில்ல. தொட வுட்டதில்ல நானு. அழுக்குச் சட்டையோட புருஷன ஊர்சுத்த வுடறவ.”

“உங்க மகன் சட்டையகூட நல்லா தொவச்சு மடிச்சிருந்தீங்கம்மா.”

“பின்ன? நாலு பேரு பாக்கற எடத்துல கெடக்கப்போற சட்டை, அந்தக் கோலத்தோடயா—”

நின்றுவிட்டாள்.

தைலம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். ஓடவோ அழவோ செய்யாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க வெவரமான ஆளு. சொன்னா புரிஞ்சுப்பீங்க. எம் பையன் இப்ப ஓசூர்ல இருக்கான். அங்க ஒருத்தி மாசமா இருக்கா. இவளுக்கு எட்டு வருஷமா வயிறு தெறக்கல. விட்டுக் குடுத்துட்டுப் போடின்னா கேக்கல. கோர்ட்டு, கேஸுன்னு போனா அவன் பேரு நாறிடாதா? செத்துட்டான்னா ஒரு பேச்சு உண்டா? அன்னைக்குக் காலைல இங்க வந்தான், வேற துணி மாத்திக்கினு பஸ் ஏறிட்டான். ராத்திரி ராஜவேலு வந்து துணிய வாங்கிட்டுப் போனான். யாருக்கு என்ன நஷ்டம்?”

காலையில் அந்தக் குழியருகே நின்றபோது வராத ஓங்கரிப்பு, தில்லைநாதனுக்கு இந்தப் பளபளக்கும் தரையில் நின்றபோது தொண்டை வரை வந்தது. இவளைப் பிடித்துப்போன தன் மேலேயே வந்தது. துண்டை நாற்காலியின் மேல் போட்டார். மறுபடி கை கழுவ வேண்டும் போலிருந்தது, ஆனால் இந்த வீட்டுச் சோப்பில் அல்ல.

“அந்தக் குப்பத்து ஆளுங்க படகு கவுந்து செத்திருந்தாங்கன்னா?”

“சாவலயே.”

“நாளைக்கு அந்தப் பொண்ணு கைல வளையல ஒடைப்பீங்களே. உங்களுக்குத் தெரியும்ல, அவன் உசுரோட இருக்கறது? தெரிஞ்சே கழுத்துல கை வெப்பீங்களா?”

“வெச்சாத்தானே ஊரு நம்பும்?” என்றாள் தைலம்மாள்.

உள்ளறைக் கதவருகில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. அனுப்பிரியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜெயராணி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். அவள் விழவில்லை. கையை மெதுவாக விலக்கிவிட்டு நடந்து வந்தாள்.

“அத்தை, உங்க போனைக் குடுங்க.”

“எதுக்குடி?”

“குடுங்க.”

தைலம்மாள் இடுப்பைத் தொட்டு மறைக்கப் பார்த்தாள். அதற்குள் ஜெயராணி அங்கிருந்த செல்போனை உருவிவிட்டாள். கடைசியாகப் பேசிய எண்ணில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓசூர்’ என்று மட்டும் இருந்தது. அனுப்பிரியா போனை வாங்கிக்கொண்டு வாசல் பந்தலுக்கு நடந்தாள். தைலம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். பந்தலில் அத்தனை பேர் கண்ணும் திரும்பியதும் படியிலேயே நின்றுவிட்டாள்.

அனுப்பிரியா எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரையும் அழுத்தினாள். இரண்டு முறை மணி அடித்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் வேடிக்கை பார்க்க நிறுத்தினார்கள். அந்த அமைதியில், செத்துப்போன செந்தமிழ்செல்வனின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

“என்னம்மா, முடிஞ்சுதா?”

யாரோ ஒரு கிழவரின் கையிலிருந்து காபி டம்ளர் விழுந்து உருண்டது. படியருகே நின்ற தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ குற்றவாளிகளின் குரலைக் கேட்டவர் அவர். சோம்பல் முறித்துக்கொண்டே கேட்கிற இந்த மாதிரிக் குரலைக் கேட்டதில்லை.

“இன்னும் இல்லங்க,” என்றாள் அனுப்பிரியா. குரல் தெளிவாக இருந்தது. “நாளைக்குத்தான். எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி.”

அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

தில்லைநாதன் தன் போனை எடுத்து சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓசூர் எண்ணைச் சொன்னார். ராஜவேலைக் கண்காணிப்பில்தான் வைத்திருப்பதாகவும் உடனே பிடித்துவிடுவதாகவும் அவர் சொன்னார். பந்தலில் பேச்சு வெடித்தது. ஒரு பெரியவர் தைலம்மாளைப் பார்த்துக் கை நீட்டி ஏதோ கத்தினார். ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

பந்தல்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “ஏம்மா, அப்ப பந்தலப் பிரிச்சிடட்டுங்களா?”

“வேணாம், இருக்கட்டும்,” என்றாள் அனுப்பிரியா. “போலீஸ் அவரை எப்படியும் கூட்டிக்கிட்டு வருவாங்க. யாரும் போவாதீங்க. தாலி கட்டினப்ப எல்லாரும் பாத்தீங்கல்ல? நாளைக்கு அவரு கையிலயே இதைத் திருப்பிக் குடுக்கறேன். அதையும் இருந்து பாத்துட்டுப் போங்க.”

முன்வரிசையில், வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜெயராணி பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டாள்.